அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்களுக்கு

அம்பாசமுத்திரத்துக்காரியான எனக்குப் பொதிகை பக்கத்து மலை. ஆனால் அதன் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு ஏற கேரளா வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்: திருவனந்தபுரம், விதுரா, அப்புறம் நடை தொடங்கும் போனக்காடு.

முதல் வேலை அனுமதி. ஜனவரியில் கேரள வனத்துறை ஆன்லைனில் பதிவைத் திறக்கும். கண்மூடித் திறப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். டாக்டர் சான்றிதழும் வேண்டும். பெண்களுக்கு இந்த வழி திறந்ததே நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019-இல்தான்.

ஒரு மாதம் முன்னாலிருந்தே படி ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், முட்டி பதம் பார்க்கப்படுவது அங்கேதான். ஷூ புதிதாக இருக்கவே கூடாது. அட்டைப்பூச்சிக்கு நீளமான சாக்ஸ். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை, 15 கி.மீ.க்குப் பக்கம். ஆறுகள், புல்வெளி என்று சுகமாகப் போகும். அப்புறம் வரும் முட்டிடிச்சான் ஏற்றம்; பெயரே சொல்லிவிடும். வழிகாட்டியாகக் கூட வரும் காணிக்காரரை (இந்த மலைப் பழங்குடியினர்) தாண்டி முன்னால் ஓடாதீர்கள். யானைச் சாணம் காய்ந்ததா ஈரமா என்று அவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் பேச்சை நிறுத்துங்கள். ராத்திரி கஞ்சியும் பயறும் கிடைக்கும், வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

மறுநாள் விடிந்ததும் உச்சிக்கு. 1,868 மீட்டர்தான், ஆனால் கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். சங்கப் பாடல்களில் இது ஆய் ஆண்டிரன் என்ற குறுநில மன்னனின் பொதியில் மலை. சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் வடக்கே கூடியதில் பூமி சாய்ந்துவிட, சமன்செய்யத் தெற்கே வந்த அகத்தியர் இங்கேயே தங்கிவிட்டார் என்பது கதை. மலைக்கும் அவர் பெயரே நிலைத்தது. உச்சியில் அவர் சிலை இருக்கிறது. 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வகத்து ஜான் ஆலன் பிரௌன் இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடமே கட்டியிருக்கிறார். கருவிகளை எல்லாம் மேலே சுமந்தவர்களை நினைத்தால் நம் பை கனக்காது.

மேலே காற்று ஆளைத் தள்ளும், விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டாம். மேகம் மூட ஆரம்பித்தால் உடனே கிளம்பிவிடுங்கள். பாறை நனைந்தால் சோப்புதான். கயிற்றில் இறங்கும்போது முகம் பாறையைப் பார்த்தபடி இருக்கட்டும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டு நகர்ந்த பிறகே அடுத்தவர் பிடிக்கவேண்டும்.