வழியாமல் தானே நிற்கும் எண்ணெய்ப் புனல்: செய்முறை

காங்கேயமோ வெள்ளகோவிலோ சிவகிரியோ, செக்கு ஓடும் ஊர் எதுவானாலும் எண்ணெய் பிடிக்கும் மேசைக்கடியில் ஒரு சாக்கு விரித்திருக்கும். பாட்டில் நிறைந்தது தெரியாமல் புனலில் மிச்சமிருந்த எண்ணெய் வழிந்து வழிந்து அந்தச் சாக்கு கருத்துப் போயிருக்கும். "பாத்து ஊத்துங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் வழியத்தான் செய்யும், ஏனென்றால் குறை கையில் இல்லை, புனலில் இருக்கிறது. குறித்த மட்டம் வந்ததும் எண்ணெய் தானாக நின்றுவிடும் புனல் ஒன்றை ஒரு லிட்டர் பாட்டிலுக்காகச் செய்யும் முறை இது. மின்சாரம் வேண்டாம், சுருள்வில், மிதவை எதுவும் வேண்டாம்.

சாதாரணப் புனல் ஏன் வழிகிறது

எண்ணெய் உள்ளே போக வேண்டுமென்றால் பாட்டிலில் இருக்கும் காற்று வெளியே வர வேண்டும். புனல் பாட்டில் வாயில் இறுகி உட்கார்ந்தால் காற்றும் எண்ணெயும் ஒரே குழாயில் முட்டிக்கொண்டு 'குளுக் குளுக்' என்று துப்பும். கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் காற்று தாராளமாக வரும், எண்ணெயும் இறங்கும். ஆனால் நிற்பதற்கு ஒரு காரணமும் இருக்காது. புனலில் உள்ளது தீரும்வரை இறங்கும், பாட்டிலில் இடம் இல்லாவிட்டால் வழியும்.

ஆகவே காற்று எந்த மட்டம் வரை வெளியேறலாம் என்று நாம் முடிவு செய்துவிட்டால் எண்ணெய் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தண்ணீர் ஏறி டப்பாவின் ஓட்டையை மூடியதும் நின்றுவிடும். குஞ்சு குடித்து ஓட்டை திறந்தால்தான் காற்று உள்ளே போகும், அடுத்த வாய் தண்ணீர் வரும். அங்கே காற்று உள்ளே போகிறது, இங்கே வெளியே வருகிறது. வேலை ஒன்றுதான்.

நம் புனலில் இரண்டு குழாய்கள். பெரியது எண்ணெய்க்கு, சின்னது காற்றுக்கு. பாட்டில் வாயை ஒரு சிலிக்கான் வட்டு மூடியிருக்கும். எண்ணெய் ஏறிக் காற்றுக் குழாயின் நுனியைத் தொட்டதும் மிச்சக் காற்றுக்குப் போக வழியில்லை. எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் மட்டும் ஏறி, புனலில் உள்ள மட்டத்துக்குச் சமமானதும் நின்றுவிடும்.

வேண்டிய பொருட்கள்

- எவர்சில்வர் புனல், வாய் 15 செ.மீ., ஆழம் 10 செ.மீ. (அரை லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும்)
- எவர்சில்வர் குழாய், வெளிவிட்டம் 12, உள்விட்டம் 10 மி.மீ., நீளம் 120 மி.மீ.
- எவர்சில்வர் குழாய், வெளிவிட்டம் 5, உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 90 மி.மீ.
- 38 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமனில் எவர்சில்வர் தகட்டு வட்டு
- உணவுத் தர சிலிக்கான் ஷீட்டில் வெட்டிய வட்டு, விட்டம் 40, தடிமன் 10 மி.மீ.
- உள்விட்டம் 4 மி.மீ. உள்ள தெளிவான சிலிக்கான் டியூப், 25 முதல் 30 செ.மீ.
- 4 மி.மீ. எவர்சில்வர் கம்பி 25 செ.மீ., 18 மி.மீ. சிலிக்கான் உருண்டை, எம்4 நட்டு இரண்டு

பித்தளை, செம்பு வேண்டாம். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். பி.வி.சி. டியூபும் வேண்டாம். அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் எண்ணெயில் கரைந்து இறங்கும். அடியில் பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு) போடலாமே என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். வால்வு உருண்டைக்குப் பின்னால் தங்கும் எண்ணெயைக் கழுவி எடுக்க முடியாது. அதனால்தான் இதில் நுனியில் உருண்டை மாட்டிய அடைப்புக் கம்பி.

எண்ணெய்க் குழாயின் உள்விட்டத்தைக் குறைத்துவிடாதீர்கள். விட்டம் பாதியானால் எண்ணெய் வரத்து பதினாறில் ஒரு பங்காகிவிடும். 10 மி.மீ. குழாயில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் அரை நிமிடத்துக்குள் இறங்கும், 6 மி.மீ. குழாயில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். காற்றுக்கு 4 மி.மீ. தாராளம்.

முதல் படி: பாட்டிலை அளப்பது

குழாயை வெட்டும் முன் பாட்டிலை அளக்க வேண்டும். இனி எண்ணெய்க்குப் பயன்படாத ஒரு பாட்டிலை எடுத்துத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கி, 990 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். அது 990 மி.லி. அந்த மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, பாட்டில் வாயின் விளிம்பிலிருந்து கோடு வரை எத்தனை மி.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள். இங்கே 55 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறோம், உங்கள் பாட்டிலுக்கு வேறாக இருக்கும்.

1,000 இருக்க 990 ஏன்? புனலைத் தூக்கும்போது எண்ணெய்க் குழாயில் நிற்கும் ஏறக்குறைய 7.5 மி.லி.யும், காற்றுக் குழாயில் ஏறி நிற்கும் 2 மி.லி. சொச்சமும் பாட்டிலுக்குள்தான் விழும். இந்த 10 மி.லி.யை மறந்தால் இத்தனை வேலையும் வீண்.

கோடு எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பாட்டிலின் தோள்பட்டையில் விழுந்தால் நல்லது. கழுத்தில் விழுந்தால் ஆபத்து. 22 மி.மீ. அகலக் கழுத்தில் 10 மி.லி. என்பது 26 மி.மீ. உயரம், கடைசியில் விழும் எண்ணெயே வாய்வழி வழிந்துவிடும். அப்படிப்பட்ட பாட்டிலைக் கொஞ்சம் பெரியதாக மாற்றிக்கொள்வதே வழி.

இரண்டாம் படி: வெல்டிங்

புனலின் கூம்பு மூக்கை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் 12 மி.மீ. குழாயை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டச் சொல்லுங்கள். வெல்டின் உள்பக்கம் பஃபிங் செய்து வழவழப்பாக இருக்க வேண்டும், அடைப்பு உருண்டை உட்காரும் இடம் அதுதான். நகத்தால் தடவினால் எங்கும் தட்டக் கூடாது.

தகட்டு வட்டில் இரண்டு ஓட்டை: எண்ணெய்க் குழாய்க்கு 12 மி.மீ., காற்றுக் குழாய்க்கு 5.5 மி.மீ. இரண்டின் மையங்களுக்கு இடையே 10.5 மி.மீ. இந்தக் கணக்கில் இரு குழாய்களும் சேர்ந்து 19 மி.மீ. அகலம் பிடிக்கும். தண்ணீர் பாட்டில் வாயின் உள்விட்டம் 21 மி.மீ.க்கு மேல் இருக்கும் என்பதால் நுழைந்துவிடும். ஓட்டைகள் இரண்டையும் வட்டின் நடுவைப் பார்த்து அமையுங்கள், ஒரு ஓரமாக ஒதுங்கினால் சிலிக்கான் வட்டு பாட்டில் வாயை முழுதாக மூடாது.

இந்தத் தகட்டை எண்ணெய்க் குழாயின் கீழ் நுனியிலிருந்து 85 மி.மீ. உயரத்தில் வெல்டு வைக்க வேண்டும். கணக்கு: காற்றுக் குழாய் 55, அதைவிட 20 கூடுதல், சிலிக்கான் தடிமன் 10. உங்கள் பாட்டில் அளவு மாறினால் முதல் எண் மட்டும் மாறும், அதற்கேற்பக் குழாய் நீளமும்.

அந்த 20 மி.மீ. கூடுதலை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எண்ணெய்க் குழாயின் நுனி காற்றுக் குழாயின் நுனிக்கு மேலே இருந்தால், காற்றுக் குழாய் மூடிய பிறகும் சிக்கிய காற்று எண்ணெய்க் குழாய் வழியே குமிழியாக மேலேறும், அந்த இடத்துக்கு எண்ணெய் இறங்கும். நிற்கவே நிற்காது. எண்ணெய்க் குழாயின் நுனி எண்ணெய்க்குள் மூழ்கியிருந்தால் காற்றுக்கு அந்த வழியும் அடைபடும்.

மூன்றாம் படி: சிலிக்கான் வட்டும் காற்றுக் குழாயும்

சிலிக்கானை டிரில் போட்டால் கிழியும். ஒரு முனையைக் கூர்தீட்டிய குழாயை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. எண்ணெய்க் குழாய்க்கு 11 மி.மீ., காற்றுக் குழாய்க்கு 4.5 மி.மீ. ஓட்டை. குழாயைவிட ஓட்டை சின்னதாக இருந்தால்தான் இறுகப் பிடிக்கும். சோப்புத் தண்ணீர் தடவிக் குழாய்களை நுழைத்து, வட்டைத் தகட்டின் அடியில் ஒட்டினாற்போல் தள்ளுங்கள்.

காற்றுக் குழாயின் கீழ் நுனியை 45 டிகிரி சாய்வாக வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். நேராக வெட்டிய 4 மி.மீ. குழாயின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் அடைப்பு மாதிரித் தொங்கிக்கொண்டே இருக்கும். சாய்வாக வெட்டினால் கூர்முனைக்கு இறங்கிச் சொட்டிவிடும். சாய்வின் மேல் விளிம்பு சிலிக்கான் வட்டின் அடிப்பக்கத்திலிருந்து 55 மி.மீ. கீழே இருக்கட்டும். எண்ணெய் நிற்பது அந்த மேல் விளிம்பு மூடும்போதுதான்.

மேலே தகட்டைத் தாண்டி நீட்டியிருக்கும் நுனியில் தெளிவான டியூபைச் செருகி, புனலின் வெளிப்பக்கமாக மேலே கொண்டுபோய், புனல் விளிம்புக்கு 3 செ.மீ. மேலே முடியும்படி கம்பிக் கொக்கியால் பிடித்துவையுங்கள். விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டால் எண்ணெய் அந்த டியூப் வழியே வெளியே வந்துவிடும்.

அடைப்புக் கம்பி எளிது. கம்பியின் அடிமுனையில் மரை போட்டு, உருண்டையை இரண்டு நட்டுகளுக்கு நடுவே இறுக்குங்கள். எம்4 நட்டு 10 மி.மீ. தொண்டைக்குள் நுழையும், எம்6 நுழையாது. மேல்முனையை வளைத்தால் புனல் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

நான்காம் படி: கசிவு பார்ப்பது

எண்ணெய் ஊற்றும் முன் தண்ணீரில் பாருங்கள். பாட்டிலில் எண்ணெய்க் குழாயின் நுனி மூழ்கும் அளவு தண்ணீர் வைத்துப் புனலை உட்காரவையுங்கள். டியூபின் மேல்வாயை விரலால் மூடிக்கொண்டு புனலில் தண்ணீர் ஊற்றினால், ஊற்றியது அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. வட்டுக்கும் பாட்டில் வாய்க்கும் இடையிலா, குழாயைச் சுற்றியா என்று குமிழி காட்டிக்கொடுக்கும். பாட்டிலுக்குள் சிக்கிய காற்று வட்டை மேலே தள்ளும் விசை 70 கிராம் எடைக்குச் சமம்தான், புனலின் கனமே அதை அமுக்கிவிடும். கையால் அழுத்த வேண்டியதில்லை. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் ஈரம் போகக் காயவைத்துவிடுங்கள்.

எண்ணெய் பிடிக்கும் முறை

பாட்டிலை ஒரு வட்டலில் வைத்து, கம்பியை இறக்கித் தொண்டையை அடைத்து, புனலில் முக்கால் அளவு எண்ணெய் ஊற்றுங்கள். புனலை நேராக உட்காரவைத்துக் கம்பியைத் தூக்கி மாட்டிவிடுங்கள். இறங்க இறங்க மேலே ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

டியூபை மட்டும் பாருங்கள். அதுவரை காற்று மட்டுமே போய்க்கொண்டிருந்த டியூபில் மஞ்சளாக எண்ணெய் ஏறத் தொடங்கும், புனலில் உள்ள மட்டத்துக்கு வந்து நிற்கும். பாட்டில் நிறைந்தது என்று பொருள். அந்த நேரம் போன் வந்து நீங்கள் திரும்பிவிட்டாலும் ஒன்றும் ஆகாது, நின்றது நின்றதுதான். கம்பியை இறக்கி அடையுங்கள். எண்ணெய்க் குழாயின் நுனி எண்ணெயைவிட்டு மேலே வரும்வரை புனலைத் தூக்கிச் சற்றே சாய்த்து ஐந்து எண்ணும்வரை பிடித்தால் குழாய்களில் உள்ளது பாட்டிலுக்குள் இறங்கும். பிறகு குழாய் நுனியைப் பாட்டில் வாயின் உள்விளிம்பில் ஒருமுறை தேய்த்து எடுத்து, நேராக அடுத்த பாட்டிலுக்குப் போங்கள்.

கம்பியை இறக்க மறந்து புனலைத் தூக்கிவிடுவதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. புனலில் மிச்சமுள்ளது முழுக்கக் கொட்டிவிடும். கம்பி ஒரு கையிலும் புனல் மறு கையிலும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து பாட்டில்களை எடை போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் வர வேண்டும். ஐந்தும் ஒரே மாதிரி குறைந்தால் காற்றுக் குழாயை ஒரு மி.மீ. மேலே இழுங்கள், கூடினால் கீழே தள்ளுங்கள். தோள்பட்டை 5 செ.மீ. அகலமுள்ள இடத்தில் ஒரு மி.மீ. என்பது 2 மி.லி. விற்பனைக்கு என்றால் ஒவ்வொரு பாட்டிலையும் தராசில் வைத்தே மூட வேண்டும். இந்தப் புனல் வழியாமல் காக்கும், தராசுக்கு ஈடாகாது. எண்ணெய் ஒரு டிகிரி சூடேறினால் லிட்டருக்கு 0.7 மி.லி. விரியும். சமையல் எண்ணெய் பாட்டிலில் கொள்ளளவோடு எடையையும் அச்சிட வேண்டும், வெப்பநிலையைக் குறிப்பிட்டு அளவு போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியதும் இந்த வேறுபாட்டினால்தான். மார்கழியில் விளிம்பு வரை பிடித்த பாட்டில் சித்திரையில் மூடிவழி கசிவதும் இதனாலேயே.

கோளாறு வந்தால்

எண்ணெய் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் முதலில் பாட்டில் வாயைத் தடவிப் பாருங்கள். அச்சுப் பிசிறு இருந்தால் வட்டு சரியாக உட்காராது. அடுத்து, சிலிக்கான் வட்டு தகட்டைவிட்டு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாதியிலேயே நின்றுவிட்டால் காற்று வழி அடைத்திருக்கிறது. பெரும்பாலும் மண்டிதான் (அடியில் படியும் கசடு) காரணம். செக்கிலிருந்து வந்த எண்ணெய் தெளிய விடாமல் பிடித்தால் மண்டி 4 மி.மீ. குழாயில் தங்கிவிடும். வடிகட்டும் துணியைப் புனலில் கட்டாதீர்கள், எண்ணெய் வரும் போசியிலேயே வடிகட்டிவிடுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பிடிக்கிறவர்களுக்கு வேறு காரணம் இருக்கும். 24, 25 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்து காற்றுக் குழாயில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பாத்திரத்தை வெந்நீர் அண்டாவில் வைத்து 35 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு பிடியுங்கள். புனலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டுங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை நிறைந்த பின் இறுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் டியூப் வழியே பீறிட்டு வரும். கழுத்தைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடிக்காதீர்கள்.

தேனுக்கு இந்த அளவுகள் ஒத்துவராது, ஒரு பாட்டில் நிறைய ஒரு மணி நேரத்தை நெருங்கும். பெட்ரோல், தின்னருக்கு இதை எக்காரணத்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

வேலை முடிந்ததும் டியூபையும் சிலிக்கான் வட்டையும் கழற்றி வெந்நீரும் பாத்திரப் பொடியும் போட்டுக் கழுவுங்கள். காற்றுக் குழாய்க்குள் நூல் கட்டிய கம்பியை இரண்டு முறை இழுத்தால் போதும். ஈரத்தோடு அடுத்த எண்ணெயில் வைத்தால் எண்ணெய் கெடும், ஆகவே வெயிலில் தலைகீழாகக் காயவைத்து, டியூபுக்குள் ஒரு துளித் தண்ணீரும் தெரியாத பிறகே மறுபடி மாட்டுங்கள். ஆறேழு மாதத்தில் டியூப் மஞ்சளித்து உள்ளே எண்ணெய் ஏறுவது தெரியாமல் போனால் புதிது போட்டுவிடுங்கள், ஒரு சாண் நீளம்தானே.