மூலை மெலிந்தால் தடித்த தகடு வாங்காதீர்கள்

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் லாப்டொப்போடு வந்திருந்து சூப்பர்பிளாஸ்டிக் ஃபோர்மிங் சிமுலேஷன் பழகும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளை வரிசை தப்பாமல் விடுகிறார்கள். சூடாக்கின உலோகத் தகட்டை வாயு அழுத்தத்தால் அச்சுக்குள் ஊதி வடிவம் எடுக்கும் முறைதான் இது; அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அச்சைத் துடை, வாயுக் கசிவைப் பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

தடிப்பைக் கூட்டித் தப்பப் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தம்பி அகலமான தட்டு வடிவம் ஒன்றை ஓட்டினார். 2 மி.மீ. டைட்டானியத் தகடு, 900 பாகைச் சூடு, ஆர்கன் அழுத்தம், எல்லாம் சரி. அடிமூலையில் தடிப்பு 0.7க்கு இறங்கிவிட்டது. "சேர், 3 மி.மீ. போட்டால் சரிதானே?"

சரியில்லை. மெலியும் விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மூலையில் 1 மி.மீ. சொச்சம் கிடைக்கும், மற்ற இடமெல்லாம் வீணாகத் தடிக்கும், ஊத அழுத்தமும் கூடக் கேட்கும், கடைசியில் அந்த மிச்சத்தை அமிலத்தில் கரைக்கக் காசு கொடுக்கவேண்டும். பாரம் குறையட்டும் என்றுதானே இந்த விலை கொடுத்து டைட்டானியம் வாங்கினோம்?

தகடு அச்சில் முதலில் எங்கே படுகிறதோ, அந்த இடத்தை உராய்வு பிடித்துக்கொள்ளும், பிறகு அது பெரிதாக இழுபடாது. கடைசியில் நிரம்பும் மூலைக்கு வேண்டிய உலோகம் முழுவதையும் இன்னும் படாத கொஞ்ச இடம்தான் கொடுக்கவேண்டும். வீச்சு ரொட்டி மாவு கல்லில் ஒட்டின இடத்தில் மொத்தமாக நிற்க, பக்கத்தில் கிழியுமே, அதே சங்கதி.

அதனால் முதலில் தகட்டை எதிர்ப்பக்கம் ஊதி, தடிப்பாக நின்றுவிடக்கூடிய நடுப்பகுதியை முன்கூட்டியே இழுத்துவிட்டு, அப்புறம் அச்சுப் பக்கம் திருப்புங்கள். அளவுக்கு மீறி ஊதினால் திரும்பும்போது மடிப்பு விழும். உராய்வு குறைய அச்சுக்குப் போரன் நைட்ரைட் பூசுங்கள். மூலை வளைவைப் பெரிதாக்க முடியுமா என்று வரைந்தவரிடம் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்!

அழுத்தத்தை அவசரமாக ஏற்றுவது

இந்த உலோகம் மெதுவாக இழுத்தால்தான் சீராக நீளும். வேகம் கூடினால் மெலிந்த இடமே மேலும் மெலியும். ஊதும்போது தகடு எடுக்கும் குமிழின் வளைவும் தடிப்பும் நேரத்தோடு மாறுவதால், அழுத்தமும் கணக்குப்படி மாறவேண்டும்.

சராசரியை நம்புவது

அரைக்கோளமாக ஊதினால் பரப்பு இரட்டிக்கும், சராசரித் தடிப்பு பாதி. உச்சி அதைவிட மெல்லிசு. உச்சியை அளந்து பாருங்கள்.

அமிலத்துக்கு முன்னே அளந்து பாஸ் போடுவது

வேண்டாம். சூட்டில் ஒக்சிசன் ஏறி நொறுங்கும் மேல்தோலை அமிலம் கரைக்கும்போது தடிப்பு இன்னும் குறையும்.