கான்செர்ட் பியானிஸ்ட் ஆகணும்னா வாசிக்கறதைத் தாண்டி என்னெல்லாம் பழகணும்

நல்லா வாசிச்சா போதும் மீதி தானா நடக்கும்னு நினைச்சுதான் நிறைய பேர் இந்த லைனுக்கு வர்றாங்க. வாசிப்பு இல்லாம ஒண்ணும் இல்ல, அது சரி, ஆனா வருஷக்கணக்கா தாக்குப்பிடிக்கறவங்ககிட்ட இருக்கறது வேற, எந்த ஊர்ல எந்த பியானோ முன்னாடி உக்கார வச்சாலும் ஒரு லெவலுக்குக் கீழ இறங்காத தயாரிப்பு.

முதல்ல கைவசம் என்ன பீஸ் இருக்குன்னு பாருங்க. ஒரு முழு ரிசைட்டல் (தனியா ஒருத்தரே வாசிக்கற கச்சேரி) ப்ரோக்ராம், கூடவே ரெண்டு மூணு கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கற பீஸ்), எப்ப கூப்பிட்டாலும் சில நாள்ல மேடை ஏத்தற நிலைமையில இருக்கணும். ஏன்னா பெரிய வாய்ப்பு பல சமயம் இன்னொருத்தருக்கு உடம்பு சரியில்லாம போறப்பதான் வருது. 1999ல பியானிஸ்ட் ஆந்த்ரே வாட்ஸ் வர முடியாம போனப்ப 17 வயசு லாங் லாங் சிகாகோ சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோட சைகோவ்ஸ்கி முதல் கான்செர்ட்டோ வாசிச்சார், 2007ல பாஸ்டன்ல பிரபல பியானிஸ்ட் மார்த்தா ஆர்கெரிச்சுக்குப் பதிலா யுஜா வாங் வாசிச்சாங்க. ரெண்டு பேருக்கும் அதுக்கப்புறம்தான் ரூட்டே மாறிச்சு. அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆனா ஃபோன் வந்தப்புறம் நோட்ஸை (இசை எழுதின தாளை) எடுத்துப் படிக்க உக்காந்தா அந்த அதிர்ஷ்டம் அடுத்தவருக்குப் போயிடும்.

அடுத்து மெமரி, இதுலதான் நிஜமான பயமே. நோட்ஸ் இல்லாம வாசிக்கற வழக்கம் 19ம் நூற்றாண்டுல லிஸ்ட், கிளாரா ஷூமான்ங்கற பியானிஸ்ட்கள் காலத்துல பரவினது, இன்னைக்கும் சோலோ ரிசைட்டல்னா பெரும்பாலும் அப்படித்தான் எதிர்பார்க்கறாங்க. விரல் பழக்கத்தை மட்டும் நம்பினீங்கன்னா மேடையில டென்ஷன் ஏறினதும் அதுதான் முதல்ல கழண்டுக்கும். பீத்தோவனோட வால்ட்ஸ்டைன் சொனாட்டா முதல் மூவ்மென்ட்டை (பகுதியை) எடுத்துக்கோங்க, ரெண்டாவது தீம், அதாவது மெட்டு, முதல் தடவை ஈ மேஜர்ங்கற சுருதியில வரும், திரும்பி வர்றப்ப ஏ மேஜர்ல வரும், அதுக்கு முன்னாடி வர்ற வழி ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால கை தெரியாம பழைய திருப்பத்துல திரும்பிச்சுன்னா பீஸோட முன்பாதிக்கே போயி மாட்டிக்குவீங்க. அதனால ரெண்டு இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த கார்ட்ல (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டுல) பிரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க. பீஸ் முழுக்க ஒரு பத்துப் பன்னெண்டு இடத்துல பென்சில்ல குறி போட்டு, எந்தக் குறியில இருந்து கேட்டாலும் உடனே ஆரம்பிக்க முடியுதான்னு பாருங்க, இடது கை மட்டும் தனியா, அப்புறம் கீபோர்டே இல்லாம மனசுக்குள்ளயே. தடுமாறினா பின்னாடி போகாதீங்க, அடுத்த குறிக்குத் தாவிடுங்க. இவ்வளவு பண்ணியும் பயம் போகலன்னா நோட்ஸ் வச்சே வாசிங்க, பெரிய பியானிஸ்ட் ரிக்டரே பிற்காலத்துல சின்ன விளக்கு போட்டு நோட்ஸ் பாத்துதான் வாசிச்சார்.

அப்புறம் பியானோ. பியானிஸ்ட் ஹோரோவிட்ஸ் மாதிரி சொந்த ஸ்டைன்வே பியானோவைக் கூடவே கொண்டு போற வசதி நமக்கெல்லாம் கிடையாது, வயலின்காரங்க கையில எடுத்துட்டு வர்றாங்க, நாம போற ஹால்ல இருக்கறதைத்தான் வாசிக்கணும். போனதும் ப்ரோக்ராமை முழுசா வாசிச்சுப் பாத்து கையைக் களைச்சுக்காதீங்க. ரொம்ப மெதுவான பாசேஜ் ஒண்ணு, ஒரே நோட் வேகமா திரும்பத் திரும்ப வர்றது ஒண்ணு, பெடல் சத்தம் போடுதான்னு ஒரு செக், ஸ்டூல் உயரம், கீ மேல லைட் கண்ணுக்கு அடிக்குதான்னு ஒரு பார்வை. டியூனர்கிட்ட எதைத் திருகணும்னு பாடம் எடுக்காதீங்க, காதுல என்ன கேக்குதுன்னு சொல்லுங்க, மீதியை அவர் பாத்துப்பார்.

போட்டிகள் பத்தி சுருக்கமா. வார்சாவுல 1927ல இருந்து நடக்கற ஷோபான் போட்டி மாதிரி இடத்துல ஜெயிச்சா கதவு திறக்கும், தோத்தாலும் திறந்திருக்கு: 1980ல போகோரெலிச்ங்கற பியானிஸ்ட்டை ஃபைனலுக்கு விடலன்னு ஆர்கெரிச் நடுவர் குழுவையே விட்டுப் போனாங்க, அதுலயே போகோரெலிச் ஃபேமஸ் ஆயிட்டார். ஜெயிச்சவங்களுக்கு வேற ஆபத்து. 1958ல மாஸ்கோவுல ஜெயிச்ச வான் கிளைபர்ன்கிட்ட ஜனங்க அங்க வாசிச்ச அதே சைகோவ்ஸ்கி கான்செர்ட்டோவைத்தான் திரும்பத் திரும்ப கேட்டாங்க. கைவசம் சரக்கு சேத்துட்டுப் போட்டிக்குப் போங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

கை வலிச்சா நிறுத்துங்க, அன்னைக்கே. வலியோட வாசிக்கறது வீரம் இல்ல. பியானிஸ்ட் லியோன் ஃப்ளைஷருக்கு 1960கள்ல வலது கை விரல்கள் மடங்கிப் போயி, பல வருஷம் இடது கைக்கு எழுதின பீஸ்களையும் கண்டக்டிங்கையும் டீச்சிங்கையும் வச்சு ஓட்டினார். அவரை மாதிரி எல்லாராலயும் சமாளிக்க முடியாது.

காசு விஷயம்: ஃபீஸ்னு சொல்ற தொகையில மேனேஜர் பங்கு, வரி, பல சமயம் டிக்கெட்டும் ரூமும் போயிடும், அதனால பாதிப் பேர் கூடவே சொல்லிக் குடுத்துட்டுதான் இருக்காங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் அந்த மேடை பியானோவுல பிராக்டிஸ் தருவாங்க, கச்சேரி அன்னைக்கு டியூனிங் உண்டா, இடைவேளையிலயும் டியூனர் இருப்பாரா, இந்த மூணையும் எழுத்துல வாங்கிடுங்க. ஃபோன்ல சரின்னு சொல்றதை நம்பாதீங்க.