கியர் விழவில்லையா? பீட்டிலின் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலில் கியர் திடீரென்று விழாமல் போனால், முதலில் வாயில் வரும் வார்த்தை "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். பல நேரம் பாக்ஸ் நன்றாகவே இருக்கும். லீவருக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஏதோ ஒன்று கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வண்டியில் அந்த 'நடுவே', அதாவது லிங்கேஜ், கொஞ்சம் நீளம். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன, லீவர் முன்னால். இரண்டையும் இணைக்க, தரையின் மத்தியில் ஓடும் டனலுக்குள் ஒரு நீண்ட கம்பி போகிறது. லீவரின் அடிக்குமிழ் அந்தக் கம்பியின் முன்பக்கக் கிண்ணத்தில் உட்காரும். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் புஷ் கம்பியைத் தாங்கும். பின்முனையில் ரப்பர் வைத்த ஒரு கப்ளர், கம்பியைக் கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் தண்டோடு சேர்க்கும். இந்தப் பழைய வகையின் கடைசி பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதுவரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாராயின. இந்த அமைப்பின் அடிப்படை மாறவே இல்லை. அதனால் கோளாறுகளும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

தவறாகக் கணித்தால் என்ன செலவு என்பதையும் பார்த்துவிடலாம். கியர்பாக்ஸை இறக்க முதலில் எஞ்சினை இறக்க வேண்டும். பின் ஆக்ஸில் குழாய்கள் பாக்ஸோடு சேர்ந்திருக்கும் பழைய ஸ்விங் ஆக்ஸில் மாடல் என்றால் அந்தக் குழாய்களும் கூடவே வரும். அப்போது பிரேக் லைனையும் பிரிக்க வேண்டும். மாட்டியபின் பிரேக்கில் காற்றெடுக்க வேண்டும். கப்ளரைப் பார்க்கவோ, பின் சீட்டைத் தூக்கி ஒரு சின்ன மூடியின் திருகைக் கழற்றினால் போதும். எதை முதலில் செய்வது என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பலர் தலைகீழாகவே ஆரம்பிக்கிறார்கள்.

'திடீரென்று' என்ற தகவலைத் தவறவிடுவது

மெக்கானிக்கிடம் போய் "கியர் விழ மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். எப்படி ஆரம்பித்தது என்பதில்தான் மீதி இருக்கிறது. சில மாதங்களாகவே இரண்டாவது கியருக்குப் போகும்போது கரகரவென்று சத்தம், குளிர்ந்திருக்கும்போது அடம், அப்புறம் ஒரேயடியாக விழவில்லை என்றால் உள்ளே தேய்மானம் இருக்கலாம். நேற்றுவரை எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிய வண்டியில் இன்று எல்லாக் கியரும் ஒரே நொடியில் காணாமல் போனால், நான்கு கியரின் பற்களும் சேர்ந்து தேய்ந்துவிட்டன என்பதில் அர்த்தமே இல்லை. ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

எந்தக் கியர் போயிற்று என்பதும் முக்கியம். நான்கும் ரிவர்ஸும் மொத்தமாகப் போய், லீவர் எதிலும் மாட்டாமல் லொடலொடவென்று ஆடினால் கப்ளரையோ லீவர் கிண்ணத்தையோ சந்தேகிக்கலாம். மூன்றும் நான்கும் விழுந்து, ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் மட்டும் தேட வேண்டியிருந்தால் முன் புஷ் உடைந்திருக்கலாம். அல்லது லீவருக்கு அடியில் இருக்கும் ஸ்டாப் பிளேட் நகர்ந்திருக்கலாம். அல்லது கப்ளருக்குள் கம்பி சற்றுத் திரும்பியிருக்கலாம். ஒரே ஒரு கியர் மட்டும் விழவில்லை, பக்கத்துக் கியரெல்லாம் சுத்தமாக விழுகிறது என்றால் மட்டும்தான் எனக்குப் பாக்ஸின் மேல் சந்தேகம் வரும்.

கிளட்சை விட்டுவிட்டு லிங்கேஜைக் குடைவது

நேர் எதிரான தவறும் உண்டு. கிளட்ச் முழுவதும் விடுபடாவிட்டாலும் கியர் விழாது. லீவர் இறுகி நிற்கும், பல்லில் பல் உரசும். அதை லிங்கேஜ் கோளாறு என்று நினைத்து நல்ல புஷ்ஷைக் கழற்றுவார்கள்.

பிரித்தறிய வழி சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாம் விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளட்ச்தான். அணைத்தும் விழவில்லை என்றால் லிங்கேஜ் பக்கம் போகலாம். இதில் ஒரு சின்ன சிக்கல்: நிற்கும் வண்டியில் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, நல்ல பாக்ஸில்கூட ஒரு கியர் விழாமல் போகும். ஒருவரை விட்டு வண்டியை அரை அடி முன்னும் பின்னும் தள்ளச் சொல்லி மறுபடி போட்டால் விழுந்துவிடும். இதைச் செய்யாமலேயே 'இரண்டாவது கியர் போச்சு' என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

கிளட்ச்தான் என்று தெரிந்தபின் பெடலை கவனியுங்கள். காலை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கத்துக் கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. கேபிள் நன்றாக இருந்தும் கிளட்ச் விடுபடவில்லை என்றால், டனலுக்குள் கேபிளைச் சுமந்து போகும் குழாய் வெல்டிங்கிலிருந்து விட்டிருக்கலாம். அப்போது மிதிக்கும் விசை கிளட்சை இழுக்காமல் குழாயை நகர்த்துவதிலேயே போய்விடும். வெறுமனே கேபிள் தளர்ந்திருந்தால், பின்னால் கியர்பாக்ஸின் இடது பக்கம் இருக்கும் விங் நட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும். அதை மொத்தமாக எடுத்துவிட்டால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் வீணாகும்.

லீவர் நியூட்ரலில் இருந்தால் வண்டியும் நியூட்ரல் என்று நம்புவது

இதில் தவறினால் ஆளுக்கே ஆபத்து. கப்ளர் விட்டுப்போன வண்டியில் லீவர் லொடலொடவென்று ஆடும். பார்த்தால் நியூட்ரல் மாதிரியே இருக்கும். ஆனால் கடைசியாகப் போட்ட கியர் பாக்ஸுக்குள் அப்படியே மாட்டியிருக்கும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் வண்டி பாயும். முன்னால் யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லிங்கேஜில் சந்தேகம் வந்துவிட்டால் லீவரை நம்பாதீர்கள். கையால் தள்ளிப் பார்த்து, வண்டி தாராளமாக உருண்டால் மட்டுமே ஸ்டார்ட் செய்யுங்கள்.

தள்ளினால் கொஞ்சமும் அசையவில்லை, கிளட்சை மிதித்தும் பின் சக்கரம் பூட்டியதுபோல நிற்கிறது, ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் மாட்டியிருக்கலாம். அது உள்விவகாரம், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். பெரும்பாலும் அந்த நிலைக்குக் கொண்டுபோவது அடுத்த தவறு.

பலத்தால் போடப் பார்ப்பது

கியர் விழவில்லை என்றதும் கை தானாகவே இன்னும் அழுத்தும். ஸ்டாப் பிளேட் வளையும், கம்பியின் முன் கிண்ணம் விரிசல் விடும், பாக்ஸுக்குள் ஹாக்கி மட்டை போல் வளைந்திருக்கும் லீவர் தன் பள்ளத்திலிருந்து நழுவும். பத்து நிமிட வேலை பத்து நாள் வேலையாவது இப்படித்தான். லீவர் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்ட அந்த முதல் தடவையிலேயே கையை எடுத்துவிட வேண்டும்.

கப்ளரைப் பார்த்தும் பார்க்காதது

சரி, பின் சீட்டைத் தூக்கி டனலின் பின்முனையில் இருக்கும் மூடியைத் திறந்தாயிற்று. உள்ளே கப்ளர் தெரிகிறது, ரப்பர் முழுதாக இருக்கிறது. "இது நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள்.

கப்ளரில் பார்க்க வேண்டியது ரப்பரை மட்டுமல்ல. ரப்பர் எண்ணெயில் ஊறி உதிர்ந்தாலும் லீவரில் ஆட்டம் கூடுமே தவிர, கியர் பெரும்பாலும் எப்படியாவது விழும். திடீரென்று எல்லாம் போவதற்குக் காரணம் திருகு. கப்ளரில் சதுரத் தலை கொண்ட ஒரு திருகு இருக்கும், அதன் முனை கூராக இருக்கும். தண்டில் அதற்கென்றே ஒரு குழி உண்டு. முனை அந்தக் குழிக்குள் இறங்கி நிற்க வேண்டும். அப்புறம் திருகின் தலையில் உள்ள துளை வழியாக மெல்லிய கம்பி (லாக் வயர்) கோத்து, திருகு இறுகும் திசையில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு இல்லாவிட்டால் அதிர்வில் திருகு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒருநாள் தண்டை விட்டுவிடும்.

அதனால் ஒருவரை லீவரை அசைக்கச் சொல்லி, நீங்கள் டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். முன்பக்கக் கம்பி நகர்ந்து கப்ளரும் நகர்ந்து, பாக்ஸின் தண்டு மட்டும் நகரவில்லை என்றால் விஷயம் முடிந்தது. கம்பியே நகரவில்லை என்றால் கோளாறு முன்னால், லீவரின் அடியில் இருக்கிறது.

அடுத்து நடக்கும் பிழை இன்னும் நுணுக்கமானது. தளர்ந்த திருகை அப்படியே இறுக்கிவிடுவது. தண்டு இம்மியளவு திரும்பியிருந்தாலும் கூர்முனை குழியில் இறங்காமல் அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். வண்டியும் ஓடும், ஆனால் சில நாட்களில் மறுபடி கழன்றுவிடும். "புது கப்ளர் போட்டும் நிக்கலை" என்று பேசுபவர்களின் வண்டியில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். திருகை முழுவதும் வெளியே எடுத்து, துளை வழியாகக் குழி நேராகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப இறக்க வேண்டும். லாக் வயர் கையில் இல்லையென்றால் கட்டுக்கம்பி தற்காலிகத்துக்குப் போதும். பிளாஸ்டிக் டை வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால் இந்த மூடி வழியாகவே வீடு வந்து சேரலாம். எஞ்சினை அணைத்து, கப்ளரிலிருந்து விடுபட்ட தண்டைப் பிளையரால் பிடித்து, நியூட்ரலில் மெல்லத் திருப்பினால் மூன்று நிலைகள் கையில் தெரியும். நடுவில் இருப்பது ஒன்று, இரண்டுக்கானது. ஒரு ஓரம் ரிவர்ஸ், மறு ஓரம் மூன்று, நான்கு. நடு நிலையில் வைத்து வண்டியின் முன்பக்கமாக இழுத்தால் இரண்டாவது கியர். லீவரைப் பின்னால் இழுக்கும்போது அதன் அடிமுனை முன்னால் போகிறது அல்லவா, அதனால்தான். தவறி ரிவர்ஸ் ஓரத்தில் வைத்து இழுத்துவிட்டால் ரிவர்ஸ் விழும். ஆகவே முன்னால் பின்னால் யாரும் இல்லாதபோது கிளட்சை மெதுவாக விட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலேயே மெதுவாக ஓட்டி வந்துவிடலாம்.

லீவரைக் கழற்றும்போது

லீவரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட், 13 ஸ்பேனர். கழற்றுவதற்கு முன் லீவரின் அடிப்பாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சாக்பீஸில் கோடு போட்டுவிடுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் பிளேட்டைத் தலைகீழாகவோ இடம் வலம் மாற்றியோ போட்டால் புதுக் கோளாறு ஒன்று பிறக்கும். அதன் உயர்ந்த விளிம்பு மேல்நோக்கி, வலது பக்கம் இருக்க வேண்டும். இந்தப் பிளேட்தான் இரண்டாவது போடப் போய் ரிவர்ஸில் விழாமல் தடுப்பது.

துளை வழியாக விரலை விட்டுக் கம்பியை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் நிறைய ஆடினால் புஷ் உடைந்திருக்கிறது. புதிய புஷ்ஷோடு வரும் கம்பி வளையத்தை 'எதுக்கு இது' என்று தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் கியர் கம்பி கிடுகிடுக்கும். டனலுக்குள் திருகு ஏதாவது விழுந்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கண்மூடித்தனமாகத் துழாவக் கூடாது. பெட்ரோல் குழாயும் அதே டனலில்தான் போகிறது. காந்தம் கட்டிய கம்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது இரண்டாவது கியரில் வைத்து, லீவர் நிமிர்ந்து நிற்கும்படி அமைத்து, போல்ட்டை இறுக்குங்கள். பிறகு வண்டியை நிறுத்தியபடியே நான்கையும் போட்டுப் பாருங்கள். லீவரைக் கீழே அழுத்தாமல் ரிவர்ஸ் விழக் கூடாது. விழுந்தால் பிளேட் சரியாக உட்காரவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானாகக் கழன்றுகொண்டால் கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களைப் பாருங்கள். பாக்ஸே முன்னும் பின்னும் நகர்ந்தால் எந்த லிங்கேஜும் நிற்காது. கியர் ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், மாற்றுங்கள், தப்பில்லை. கழன்ற திருகை ஆயில் இறுக்காது.

பின் சீட்டைத் திரும்ப வைக்கும்போது ஒரு விஷயம். பீட்டிலின் பேட்டரி அந்தச் சீட்டுக்கு அடியில், வலது பக்கம் இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும்போதே நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். முடிந்தபின் பேட்டரி மூடியைப் போட்டுவிட்டுத்தான் சீட்டை இறக்க வேண்டும். மூடி இல்லாத வண்டியில் பின்னால் கனமாக ஒருவர் உட்கார்ந்தால் சீட் ஸ்பிரிங் பேட்டரி முனைகளைத் தொடும். பழைய சீட்டின் நார்த் திணிப்பு உடனே புகையும். மூடி தொலைந்திருந்தால் தடித்த ரப்பர் ஷீட் ஒன்றை வெட்டிப் போட்டுக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.