கிரீஸ் போறீங்களா? வெறும் கல்லை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க

ஏதென்ஸ் போயிட்டு வந்தவங்ககிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பாதிப் பேரு "நாலு உடைஞ்ச தூணு, மண்டையைப் பொளக்குற வெயிலு"ன்னுதான் சொல்லுவாங்க. மொத தடவை நானும் அப்படித்தான் வந்தேன். ஜூலை மாசம், மத்தியானம் பன்னண்டரை மணி, கையில அரை லிட்டர் தண்ணி, காலுல தேஞ்ச செருப்பு, அக்ரோபோலிஸ் மலைக்கோட்டை வாசப்படில வழுக்கி உக்காந்தது நல்லா ஞாபகம் இருக்கு, அந்த மலை மேல இருக்குற பார்த்தினான் கோயில் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா முழிப்பேன். ரெண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டுச்சு. எடம் ஒரு பக்கம் இருக்கு, அங்க இருந்த பொருளெல்லாம் மியூசியத்துல இருக்கு, ரெண்டையும் ஜோடி சேர்த்துப் பார்த்தாத்தான் கதை ஓடும். அதனால ப்ளான் போடும்போதே "எத்தனை எடம்"னு எண்ணாம "எத்தனை ஜோடி"ன்னு எண்ணுங்க. ஒரு வாரத்துக்கு நாலு ஜோடி போதும், அதுக்கு மேல போனா எல்லா தூணும் ஒண்ணு மாதிரியே தெரியும்.

மொத ஜோடி அக்ரோபோலிஸும் அதுக்குக் கீழ இருக்குற அக்ரோபோலிஸ் மியூசியமும். மலைக்கு டிக்கெட் இப்பல்லாம் நேரம் போட்டுத்தான் குடுக்குறாங்க, 2023 செப்டம்பர்ல இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருன்னு கணக்கு வச்சிருக்காங்க. அரசாங்க சைட்லயே புக் பண்ணுங்க, காலைல தொறக்குற 8 மணி ஸ்லாட் கிடைச்சா யோசிக்காம எடுத்துடுங்க. பழைய பயணக் குறிப்புல எல்லாம் 30 யூரோவுக்கு ஏழு எடம் பார்க்கலாம்னு காம்போ டிக்கெட் பத்தி இருக்கும், அதை 2025 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க, இப்ப அந்தக் காசு அக்ரோபோலிஸுக்கு மட்டுமே சரியாப் போயிடும். மியூசியத்துக்குத் தனி டிக்கெட். வாசல் ரெண்டு இருக்கு, மேற்கு வாசல்லதான் டூர் பஸ் கூட்டமெல்லாம் நிக்கும், நீங்க மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல இருக்குற தென்கிழக்கு வாசல் வழியாப் போங்க, போற வழியிலேயே டயோனிசஸ் தியேட்டரையும் பார்த்துடலாம், பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸோட நாடகமெல்லாம் போட்டிபோட்டு நடிச்ச எடம் அது. ஷூ கண்டிப்பா ரப்பர் சோல், லட்சக்கணக்கான காலு தேய்ச்சு அந்த பளிங்கு சோப்பு மாதிரி ஆயிடுச்சு. ஹீல்ஸ் போட்டா உள்ள விடமாட்டாங்க.

மேல போனதும் எல்லாரும் செல்ஃபி எடுக்குற எடத்துல நிக்காம பார்த்தினான் படிக்கட்டோட மூலைக்குப் போங்க. குனிஞ்சு கண்ணை படி மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாக்குல பாருங்க, படி நேரா இருக்காது, நடுவுல லேசா மேடு தட்டும். நீளமான பக்கத்துல அந்த மேடு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். கி.மு. 447ல ஆரம்பிச்ச வேலை, நேர்க்கோடா கட்டினா கண்ணுக்குத் தொங்குன மாதிரி தெரியும்னு வளைச்சுக் கட்டினாங்கன்னு சொல்றாங்க. அப்புறம் தூணை உத்துப் பாருங்க, தேன் கலர்ல இருக்குறது பழைய கல்லு, வெள்ளையா ஒட்டுப்போட்ட மாதிரி இருக்குறது அதே பென்டெலி மலையில இருந்து இப்ப வெட்டி வச்சது. நூறு வருஷம் முன்னாடி ரிப்பேர் பண்ணவங்க இரும்புக் கம்பி போட்டு இணைச்சாங்க, அது துருப்பிடிச்சு உப்பி கல்லையே பொளந்துடுச்சு, இப்ப அதையெல்லாம் புடுங்கிட்டு டைட்டானியம் போடுறாங்க. நடுவுல பெரிய ஓட்டையா இருக்கே அது காலத்தால ஆனதில்ல, 1687ல துருக்கிக்காரங்க உள்ள வெடிமருந்து வச்சிருந்தப்ப வெனிஸ்காரங்க குண்டு போட்டதுல வந்தது. தொட்டுடாதீங்க, விசில் அடிப்பாங்க.

பதினோரு மணிக்கு வெயில் ஏற ஆரம்பிச்சதும் கீழ எறங்கி மியூசியம், அங்க ஏசி இருக்கு, அதுவே பாதி சந்தோஷம். தரை கண்ணாடி, காலுக்குக் கீழ பழைய ஊரோட வீடு, தெரு எல்லாம் தெரியும். நேரா மேல் மாடி போங்க, அந்த மாடியை பார்த்தினானுக்கு இணையா திருப்பிக் கட்டியிருக்காங்க, கோயிலைச் சுத்தி ஓடுன 160 மீட்டர் சிற்ப வரிசையை அதே வரிசையில சுத்திச் சுத்திப் பார்க்கலாம். இதுலயும் கலரைப் பாருங்க, பழுப்பு ஒரிஜினல், வெள்ளை எல்லாம் பிளாஸ்டர் நகல், அதோட ஒரிஜினல்ல பெரும்பாலானது லண்டன்ல இருக்கு, எல்ஜின் பிரபுன்ற பிரிட்டிஷ் தூதர் 1800கள் ஆரம்பத்துல பேர்த்துட்டுப் போனது. சண்டை இன்னும் ஓடுது. கீழ் மாடியில கேரியாடிட் பொண்ணுங்க, அதாவது தூணுக்குப் பதிலா கூரையைத் தாங்குன பொண்ணு சிலைங்க, அஞ்சு பேர் நிக்குறாங்க, ஆறாவது ஆளும் லண்டன்லதான், அவளுக்கான எடத்தைக் காலியாவே விட்டிருக்காங்க. மலை மேல பார்த்தினானுக்குப் பக்கத்துல எரெக்தியான் கோயில்ல நீங்க பார்த்த ஆறும் நகல்தான். இங்க பின்னாடி போய் நின்னு பாருங்க, சடைப் பின்னல் ஒவ்வொருத்திக்கும் வேற வேற, அவ்வளவு தடிமனா பின்னி முதுகுல விட்டதுக்கும் காரணம் இருக்கு, கூரையைத் தாங்குற கழுத்து ஒடியாம இருக்கணும்ல.

ரெண்டாவது ஜோடி அகோரா, பழைய ஏதென்ஸோட சந்தை மைதானம். இங்க மியூசியம் உள்ளேயே, அட்டலோஸ் ஸ்டோவான்ற தூண் வரிசை மண்டபத்துல இருக்கு, சின்னதுதான், ஆனா எனக்கு ஏதென்ஸ்லயே பிடிச்சது இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள உடைஞ்ச பானைச் சில்லு மேல தெமிஸ்டோக்ளீஸ்னு அந்தக் கால ஏதென்ஸ் தலைவர் பேரு கீறி வச்சிருக்கும், கீழடி சில்லு பார்த்திருந்தீங்கன்னா உடனே கை பரபரக்கும். இது ஆனா ஊரை விட்டுத் துரத்துற ஓட்டு. பிடிக்காத தலைவர் பேரை சில்லுல கீறிப் போடுவாங்க, மாட்டினவரு பத்து வருஷம் ஊருக்குள்ள வரக்கூடாது. அக்ரோபோலிஸ் வடக்குச் சரிவுல ஒரு கிணத்துல தெமிஸ்டோக்ளீஸ் பேரு போட்ட சில்லு 190 கிட்ட மொத்தமா கிடைச்சுது, கையெழுத்தைப் பார்த்தா எழுதினது வெறும் 14 பேரு. முன்கூட்டியே எழுதி வச்சு விநியோகம் பண்ண ரெடியா இருந்திருக்காங்க போல. பூத் வாசல்ல நம்மாளுங்க நிக்குறது ஞாபகம் வரலன்னா ஆச்சரியம்தான்.

மூணாவது ஜோடி மைசீனி, ட்ராய் போர் கதையில வர்ற ராஜா அகமெம்னானோட கோட்டைன்னு சொல்ற எடம். இதுக்கு மட்டும் வரிசையை மாத்துங்க, மியூசியம் மொதல்ல. ஏதென்ஸ் தேசிய தொல்லியல் மியூசியத்துல "அகமெம்னான் முகமூடி"ன்னு தங்கத்துல ஒண்ணு இருக்கும், 1876ல ஷ்லீமன்ற ஜெர்மன்காரர் மைசீனியில தோண்டி எடுத்தது. பேரு தப்பு, அது ட்ராய் போர் நடந்ததா சொல்ற காலத்துக்குச் சில நூறு வருஷம் முந்தினது, இருந்தாலும் பேரு ஒட்டிக்கிச்சு. அதைப் பார்த்துட்டு மைசீனி போய் சிங்க வாசலுக்குள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் வட்டமா ஒரு பள்ளம் தெரியும், அந்த முகமூடி எடுத்த கல்லறை வளாகம் அதான். மொதல்ல பார்க்காம போனா அது வெறும் குழி. மியூசியத்துல சிலை மாதிரி போஸ் குடுத்து போட்டோ எடுக்காதீங்க, காவலர் வந்து நிறுத்திடுவாங்க.

நாலாவது ஜோடி டெல்ஃபி, பழைய கிரேக்கர்கள் குறி கேட்கப் போன அப்போலோ கோயில் இருந்த எடம். ஏதென்ஸ்ல இருந்து பஸ்ல போனா ஒரு பக்கம் மூணு மணி நேரம் ஆகும், ஒரே நாள்ல திரும்பிடலாம், ஆனா ராத்திரி தங்கினா காலைல கூட்டம் இல்லாம பார்க்கலாம். கோயில் தளத்துக்குக் கீழ ஒரு சுவர் இருக்கு, கல்லெல்லாம் ஒழுங்கில்லாத பலகோணம், ஆனா ஊசி நுழையாம பொருந்தியிருக்கும், கிட்டப் போனா பொடிப்பொடியா எழுத்து. அடிமைகளை விடுதலை பண்ண பத்திரம் அது, நூத்துக்கணக்குல இருக்கு, கடவுளுக்கு வித்த மாதிரி எழுதி விடுதலை குடுத்திருக்காங்க. எல்லாரும் மேல ஸ்டேடியத்துக்கு ஓடுற அவசரத்துல இதைத் தாண்டிடுவாங்க. பக்கத்து மியூசியத்துல தேரோட்டி வெண்கலச் சிலை, கண்ணிமை முடி கூட தனித்தனியா செம்புல வச்சிருக்கும்.

காசு மிச்சம் பண்ணணும்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மாசத்துல மொத, மூணாவது ஞாயிறு அரசாங்க எடங்கள் இலவசம், குளிர் காலத்துல பல எடம் மூணு மூணரைக்கே பூட்டிடுவாங்கன்றதையும் மனசுல வச்சுக்கோங்க.

கடைசி நாள் அரை நேரம் மிச்சம் இருந்தா ஏதென்ஸ்லயே இருக்குற கெராமைகோஸ்ன்ற பழைய இடுகாடு. ஆள் நடமாட்டமே இருக்காது, புல்லுக்குள்ள ஆமை ஊர்ந்துட்டு இருக்கும். ஹெகெசோன்ற பொண்ணோட கல்லறைப் பலகை அங்க நிக்குறது நகல், ஒரிஜினல் தேசிய மியூசியத்துல, ரெண்டையும் பார்த்துடுங்க. நாற்காலில உக்காந்து வேலைக்காரி நீட்டுற பெட்டியில இருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்குறா, நகையை மட்டும் பெயின்ட்ல வரைஞ்சிருந்தாங்க, அது எப்பவோ அழிஞ்சு போச்சு, அவ இன்னும் வெறும் விரலையே பார்த்துட்டு இருக்கா.