மூன்று ஹார்ட் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பது எப்படி

எங்கள் சங்கத்தில் வியாழக்கிழமை மாலை பிரிட்ஜ் சீட்டாட்டம் பழக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கையில் ஆறு பாயிண்ட்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எப்படி சார் மூன்றில் ஏலத்தைத் தொடங்குகிறீர்கள்?" (ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று, இதுதான் பாயிண்ட். ட்ரிக் என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்று. மூன்றில் தொடங்குவது என்றால் ஆறோடு மூன்று, ஒன்பது ட்ரிக் எடுப்போம் என்று சொல்வது.) இந்தக் கையைப் பாருங்கள்.

ஸ்பேட்: 4
ஹார்ட்: ராஜா, ராணி, ஜாக்கி, 10, 8, 6, 3
டைமண்ட்: 7, 5, 2
கிளாவர்: 9, 4

ஹார்ட் துருப்பானால் இந்தக் கை ஆறு ட்ரிக் எடுக்கும். ஏஸ் மட்டும்தான் போகும். வேறு எது துருப்பானாலும் ஒரு ட்ரிக் கிடைப்பதே சந்தேகம். ப்ரீஎம்ப்ட்டுக்கு, அதாவது எதிரிகளின் வழியை அடைக்க பலவீனமான கையோடு உயரத்தில் ஏலத்தைத் தொடங்குவதற்கு, ஏற்ற கை இதுதான்: தன் நிறத்தில் (ஹார்ட், ஸ்பேட் போன்ற சீட்டு வகையில்) பலம், மற்ற நிறங்களில் ஒன்றுமே இல்லை. இப்போது இன்னொரு கை. ஹார்ட்டில் ஜாக்கி, 9, 7, 6, 5, 4, 2. ஸ்பேடில் ஏஸ், 3. டைமண்டில் ராஜா, 8. கிளாவரில் ராணி, 5. இதற்குப் பத்து பாயிண்ட், ஹார்ட்டும் அதே ஏழு சீட்டு. ஆனாலும் இதில் மூன்று ஹார்ட் சொல்ல மாட்டேன். ஏஸும் ராஜாவும் எதிரியின் ஆட்டத்தை உடைக்கப் பயன்படும். நம் துருப்போ ஓட்டை.

சரி, எவ்வளவு தோற்கலாம்? பழைய பிரிட்ஜ் நிபுணர் கல்பர்ட்சன் காலத்திலிருந்து இருக்கும் இரண்டு-மூன்று கணக்கையே நான் இன்னும் நம்புகிறேன். நாம் வல்னரபிள் (தோற்றால் அபராதமும் ஜெயித்தால் போனஸும் கூடும் நிலை) என்றால் சொன்னதைவிட இரண்டு ட்ரிக் குறையலாம், இல்லையென்றால் மூன்று. முதல் கையில் ஆறு ட்ரிக், சொன்னது ஒன்பது. பார்ட்னரிடம் எதுவுமே இல்லாமல் டபுள் விழுந்தாலும் (எதிரி அபராதத்தை உயர்த்தினாலும்) மூன்று டவுன், அதாவது மூன்று ட்ரிக் குறைவு, 500 புள்ளி அபராதம். அவரிடம் நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால் எதிரிகளுக்குக் குறைந்தது ஒரு கேம் (பெரிய போனஸ் தரும் அளவு ஏலம்) இருக்கும். அவர்கள் வல்னரபிளாக நான்கு ஸ்பேட் எடுத்தால் 620. அந்த நிலையில் 500 கொடுப்பது லாபம். நான்காவது டவுனுக்கு மட்டும் போகாதீர்கள். 1987-ல் விதியை மாற்றியபின் அது 700 அல்ல, 800. நாமே வல்னரபிள் என்றால் மூன்று டவுனுக்கே அந்த 800 வந்துவிடும். அதனால் வல்னரபிளாக இருக்கும்போது இதே கையில் நான் பாஸ்தான்.

அப்புறம், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. முதல் ஆளாகச் சொல்லும்போது நமக்குப் பின்னால் இரண்டு எதிரிகள், ஒரு பார்ட்னர். நம் ஏலம் தொல்லை தருவது பெரும்பாலும் எதிரிக்கே. இரண்டாம் இடத்தில் ஒரு எதிரி ஏற்கெனவே பாஸ் சொல்லிவிட்டார், நல்ல கை மீதமுள்ள எதிரியிடமும் இருக்கலாம், பார்ட்னரிடமும் இருக்கலாம். இங்கே சுத்தமான கையோடு மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் இடம்தான் துணிச்சலுக்கான இடம். பார்ட்னர் பாஸ் சொல்லியாயிற்று, நம் கையும் சின்னது. அப்படியானால் சரக்கு முழுக்க நான்காவது ஆளிடம்தான். அங்கே ஆறு சீட்டு நல்ல ஹார்ட்டோடும் மூன்றில் சொல்லியிருக்கிறேன். நான்காம் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். பலவீனமான கை என்றால் பாஸ் சொன்னாலே போதும், ஆட்டம் முடிந்துவிடும்.

இனி, நான் செய்த தவறு. மேலே காட்டிய முதல் கை எனக்கு வந்தபோது நடந்தது. எதிரிகள் வல்னரபிள், நாங்கள் இல்லை. நான் மூன்று ஹார்ட். இடதுபக்கத்தவர் மூன்று ஸ்பேட், என் பார்ட்னர் பாஸ், வலதுபக்கத்தவர் நான்கு ஸ்பேட். என் விரல் ஏலப் பெட்டியில் பச்சை நிற பாஸ் அட்டையின் மேல்தான் இருந்தது. 'ஸ்பேட் ஒன்றுதானே இருக்கிறது, ஹார்ட் இவ்வளவு நன்றாக இருக்கிறதே' என்று ஐந்து ஹார்ட் எடுத்து வைத்துவிட்டேன். சிவப்பு டபுள் அட்டை உடனே விழுந்தது. எட்டு ட்ரிக், மூன்று டவுன், 500. பார்ட்னரிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 10, 9 இருந்தன, அதுவும் ஸ்பேட் சொன்னவருக்கு அடுத்த இடத்தில். துருப்பிலேயே அவருக்கு மூன்று ட்ரிக், டைமண்டில் ராஜாவும் ராணியும் வேறு. டபுள் போடத்தான் அவர் காத்திருந்தார். ஒரு டவுன் என்றாலும் எங்களுக்கு 200 வந்திருக்கும். "உங்க கைய மூணு ஹார்ட்லயே சொல்லி முடிச்சிட்டீங்களே சார், மீதிய என்கிட்ட விட்டிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது முழுக்க சரி. என் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் கை எனக்குத் தெரியாது. ப்ரீஎம்ப்ட் செய்தவர் இரண்டாவது முறை ஏலத்தில் இறங்க வேண்டுமானால் பார்ட்னர் கேட்டிருக்க வேண்டும்.

பார்ட்னராக உட்காருபவருக்கும் வேலை உண்டு. 1960-களில் ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ட்ரிக் கணக்கு இங்கே கை கொடுக்கும்: இரண்டு கையிலும் சேர்த்து எத்தனை துருப்போ, அத்தனை ட்ரிக் வரை துணிந்து போகலாம். அவர் ஏழு, உங்களிடம் மூன்று, ஆக பத்து. நான்கு ஹார்ட் சொல்லுங்கள். எதிரி சொல்லும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். தாமதித்தால், நாம் அடைத்த வழியில் அவர்கள் ஒருவருக்கொருவர் கையைச் சொல்லிக்கொண்டுவிடுவார்கள். கேம் உண்டா என்று பார்க்கும்போது பாயிண்டை எண்ணாதீர்கள், ட்ரிக்கை எண்ணுங்கள். உங்கள் ராணிகளும் ஜாக்கிகளும் அங்கே ஒன்றுக்கும் உதவாது, ஏஸும் ராஜாவும்தான் உதவும். ஹார்ட்டில் ஒற்றைச் சீட்டும் பதினான்கு பாயிண்டும் இருக்கும்போது, "என்னிடம் ஹார்ட் இல்லையே" என்று நான்கு கிளாவருக்கு ஓடிப் பார்ட்னரைக் காப்பாற்ற நினைப்பவர்களை எல்லா வியாழனும் பார்க்கிறேன். ஏழு சீட்டு வைத்திருப்பவரை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. பாஸ் சொல்லிவிட்டு உங்கள் சீட்டை மேஜையில் விரியுங்கள்.