மணிக்கட்டைப் பாருங்கள்: பனிவயலில் ரோமக்கால் பருந்தை அடையாளம் காண்பது

ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்டனுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் 401 நெடுஞ்சாலையில் ஓடுகிறேன். வழியில் காணும் பருந்துகள் எல்லாம் செவ்வால் பருந்து என்றே பல வருடம் எண்ணியிருந்தேன். ஒரு ஜனவரியில், நெடுஞ்சாலையை விட்டிறங்கி வயலோரம் வண்டியை நிறுத்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பனி மூடிய வயலுக்கு மேலே ஒரு பெரிய பருந்து, சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்றது. ஊரில் குளத்துக்கு மேலே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நிற்குமே, அப்படியே. சிறகை விரித்தால் நாலரை அடி வரும் பறவை அது. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் இதைத் தேடிப் போகிறேன்.

ஆங்கிலத்தில் ரஃப்-லெக்ட் ஹோக் என்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ரோமக்கால் பருந்து என்று பெயர். விரல் தொடங்கும் இடம்வரை கால் முழுக்க இறகு மூடியிருக்கும். அறிவியல் பெயரில் வரும் ‘லாகோபஸ்’ என்ற சொல்லுக்கும் முயல்கால் என்றுதான் பொருள். ஆனால் தூரத்தில் அந்த இறகு தெரியாது. எனவே காலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பாருங்கள். சிறகு நடுவில் மடங்குகிறதே, அந்த இடம். பறக்கும்போது கீழிருந்து பார்த்தால், வெளிர்நிறப் பறவையின் இரண்டு மணிக்கட்டிலும் மை கொட்டியதுபோல் ஒவ்வொரு கறுப்புத் திட்டு இருக்கும். செவ்வால் பருந்துக்கு அது இல்லை. அதற்குக் கறுப்பு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை சிறகின் முன்விளிம்பில் ஒரு கோடாக ஓடும். திட்டா, கோடா என்று பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். செவ்வாலின் குஞ்சுகளுக்கு முதல் வருடம் வால் சிவப்பாக இராது. வாலை மட்டும் நம்பி நான் ஏமாந்ததெல்லாம் அதனால்தான்.

அடுத்தது வயிறும் வாலும். ரோமக்காலுக்கு வயிற்றுக்குக் குறுக்கே அகலமான கருமை. பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் இது நன்றாகத் தெரியும், வளர்ந்த ஆணுக்கு நெஞ்சுப்பக்கம் கருமை கூடி வயிற்றில் குறைந்திருக்கும். வாலின் அடிப்பகுதி வெள்ளை, நுனிப்பக்கம் கறுப்புப் பட்டை. இந்த வெள்ளையைப் பார்த்துத்தான் பலர் பூனைப்பருந்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். பூனைப்பருந்துக்கு வெள்ளை இருப்பது வாலுக்கு மேலே, இடுப்பில்; வால் நீளம், உடம்பு ஒல்லி, புல்லை உரசுவதுபோல் தாழப் பறக்கும். ரோமக்காலுக்கு வெள்ளை வாலிலேயே இருக்கும்.

உடம்பு முழுக்கக் கரிய வகையும் உண்டு. ஐரோப்பாவில் அது மிக அரிது, ஒன்ராறியோவிலோ அடிக்கடி காணலாம். அதற்கு மணிக்கட்டுத் திட்டு கருமைக்குள் மறைந்துவிடும். சிறகின் கீழே முன்பாதி கரி, பின்பாதி வெள்ளி, ஓரத்தில் ஒரு கறுப்புக் கரை என்று பாருங்கள். வான்கோழிக் கழுகுக்கும் இதே இரட்டை நிறம்தான், ஆனால் அது காற்றில் இருபுறமும் தள்ளாடும், தலை மிகச் சிறிது.

நிறம் தெரியாத மங்கலான நாளில் நடத்தையே சாட்சி. செவ்வால் தடித்த கிளையில், நெடுஞ்சாலை விளக்குக்கம்பத்தில் உட்காரும். ரோமக்காலுக்குப் பாதம் சிறிது; மரத்தின் உச்சியில், இது தாங்குமா என்று நாம் நினைக்கும் மெல்லிய குச்சியில் போய் இருக்கும். ஒருமுறை முப்பது அடி தூரத்தில் ஒன்றைக் கண்டேன். வண்டியின் எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியை மெதுவாக இறக்கினேன். குச்சி வளைந்து வளைந்து ஆடியது, தலை மட்டும் அசையவில்லை. காற்று வயிற்று இறகைத் தூக்கியபோது காற்சட்டை போட்டதுபோல் இறகு மூடிய காலும் அதன் கீழே மஞ்சள் விரலும் தெரிந்தன. அந்தச் சின்ன மஞ்சள் விரலுக்கு ஏற்ற இரை வோல் என்ற வயலெலி.

எலி உள்ள திறந்த வெளியே இதன் இடம். வைக்கோல் வயல், மேய்ச்சல் நிலம், சதுப்புப் புல்வெளி. காட்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் போவது அம்ஹேர்ஸ்ட் தீவு. கிங்ஸ்டனுக்கு மேற்கே மில்ஹேவனில் காரோடு படகேறினால் இருபது நிமிடம். தீவு கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் நீளம், பெரும்பாலும் புல்வெளி. எலி பெருகிய வருடத்தில் பருந்தும் ஆந்தையும் அங்கே கூடும். எலி குறைந்தால் வெறும் காற்றுத்தான். பனி மிக ஆழமாக விழுந்து இறுகிவிட்டாலும் எலி அடியில் பத்திரமாகிவிடும், பருந்துகள் தெற்கே நகர்ந்துவிடும். ஆகவே புதுப் பனி கொட்டிய மறுநாளைவிட, புல் நுனி வெளியே தெரியும் நாளில் போங்கள்.

காலம் என்றால் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நாங்கள் விறைத்துச் சாகும் இந்த ஊர்தான் இதற்குக் குளிருக்கு ஒதுங்கும் தென்திசை. கோடையில் அது அலாஸ்கா, வட கனடா, ஸ்கண்டிநேவியா, ரஷ்யா என்று வடதுருவத்தைச் சுற்றியுள்ள மரமற்ற தூந்திரத்தில் இருக்கும். பாறைச் செங்குத்தில் குச்சியால் கூடு கட்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டை. லெம்மிங் எலி மலிந்த வருடத்தில் கூடும், இல்லாத வருடத்தில் கூடே கட்டாமல் விடுவதும் உண்டு.

தேடும்போது காரை விட்டு இறங்காதீர்கள். காரைப் பொறுத்துக்கொள்ளும் பறவை, மனிதன் கதவைத் திறந்து காலை வைத்ததும் பறந்துவிடும். படத்துக்காக ஒருவர் வயலுக்குள் நடந்து ஒரே பறவையை நான்கு முறை கலைத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. குறுகிய பகலில் அது பிடிக்கும் ஒவ்வொரு எலியும் இரவுக் குளிரைத் தாங்கத் தேவை. வயல்கள் பெரும்பாலும் தனியார் நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். எட்டு மடங்கு பெருக்கும் பைனோகுலர் போதும், கைவிரல் அசையும்படியான கையுறை கட்டாயம்.

தீவுக்குப் போக முடியாதவர்கள் மார்ச்சில் நயாகராப் பக்கமுள்ள கிரிம்ஸ்பிக்குப் போகலாம். அங்கே பீமர் பூங்காவின் கோபுரத்தில் நின்று, வடக்கே திரும்பும் பருந்துகளைத் தன்னார்வலர்கள் மே நடுப்பகுதிவரை எண்ணுவார்கள். தென்காற்று வீசும் காலையில் போய் அண்ணாந்து நில்லுங்கள். செவ்வால்கள் நிறையப் போகும். அவற்றுக்கு நடுவே சிறகை லேசாக மேல்நோக்கி ஏந்தியபடி ஒன்று வந்தால், மணிக்கட்டைப் பாருங்கள்.